பனிக்கு டயர் கேட்ட மகள்... "சேறா, மணலா கண்ணு?" என்று கேட்ட நாமக்கல் அப்பா!

கனடாவின் மான்ட்ரியல் நகரம். நவம்பர் மாதத்தின் நடுவில் ஒரு காலை நேரம். முந்தைய இரவு மழை பெய்து ஓய்ந்து, விடிவதற்குள் வெப்பநிலை மைனஸ் 4 டிகிரிக்குப் போயிருந்தது. ரோட்டைப் பார்த்தால் வெறும் ஈரம் போலத்தான் தெரிந்தது. ஆனால் அது ஈரமில்லை, கண்ணாடி போல் படிந்த ஐஸ்.

மகளைப் பள்ளியில் விட்டுவிட்டு ஆஸ்பத்திரி லேப் வேலைக்குப் போக வேண்டும். 'அரே' என்று பிரெஞ்சில் எழுதிய சிவப்புப் பலகையைப் பார்த்ததும் அவள் வழக்கமான இடத்தில் பிரேக்கை மிதித்தாள். பெடல் காலுக்கடியில் கடகடவென்று உதறியது. கார் நிற்கவில்லை. அவசரமே இல்லாமல், மெதுவாக, வழுக்கிக்கொண்டே போய் நாற்சந்தியின் நடுவில் நின்றது. பக்கவாட்டில் வந்த மஞ்சள் ஸ்கூல் பஸ் ஏற்கெனவே நின்றிருந்ததால் ஒன்றும் ஆகவில்லை.

பின் சீட்டிலிருந்து ஆறு வயதுக் குரல் கேட்டது. "ஏம்மா நிக்கல?"

அந்தக் கேள்விக்கு அன்று முழுக்க அவளிடம் பதில் இல்லை.

கார், ஹோண்டா ஃபிட். நம் ஊரில் 'ஜாஸ்' என்ற பெயரில் ஓடியதே, அதே கார்தான். ஜூன் மாதம் செகண்ட் ஹேண்டில் வாங்கியது. விற்றவர் ஒரே ஒரு செட் டயர்தான் கொடுத்தார், ஆல் சீசன் டயர். அந்தப் பெயரை வைத்தவர் மான்ட்ரியலின் ஜனவரியைப் பார்த்திருக்க மாட்டார் என்றுதான் தோன்றுகிறது. சாதாரண டயரின் ரப்பர், 7 டிகிரிக்குக் கீழே போகப் போக விறைத்துவிடும். விறைத்த ரப்பர் ரோட்டைப் பிடிக்காது. விண்டர் டயரின் ரப்பர் கலவையே வேறு. கடுங்குளிரிலும் அது மெத்தென்று இருக்கும்.

கியூபெக் மாகாணத்தில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை நான்கு சக்கரத்திலும் விண்டர் டயர் இருந்தாக வேண்டும். டயரின் பக்கவாட்டில் மூன்று முகடுகள் கொண்ட மலையும், அதற்குள் ஒரு பனித்துகளும் வரைந்த முத்திரை இருக்க வேண்டும். இல்லாவிட்டால் 200 முதல் 300 டாலர் வரை அபராதம். அவளும் டிசம்பர் 1-க்குள் மாற்றிக்கொள்ளலாம் என்றுதான் இருந்தாள். ஐஸுக்கு அந்தத் தேதியெல்லாம் தெரியவில்லை.

இன்னொரு காரணமும் இருந்தது. டயருக்கு ஆகும் பணம் வீட்டில் இருந்தது, ஆனால் அது வேறு ஒன்றுக்காக ஒதுக்கிய பணம். அடுத்த கோடையில் அப்பாவை நாமக்கல்லிலிருந்து அழைத்து வர, மாதாமாதம் சேர்த்துவந்தார்கள். அம்மா போன பிறகு அவர் தனியாக இருக்கிறார்.

அன்றிரவு 9 மணிக்கு அவள் அப்பாவுக்கு வீடியோ கால் போட்டாள். நாமக்கல்லில் காலை 7:30. காபி டம்ளரோடு திண்ணையில் உட்கார்ந்திருந்தார். வழுக்கிய கதையை முழுதாகச் சொல்லவில்லை. "குளிருக்குத் தனி டயர் மாத்தோணும்ங்கப்பா. என்ன சைஸ் போடறதுன்னு தெரியலைங்க" என்று மட்டும் கேட்டாள்.

கேட்ட ஆள் சரியான ஆள்தான். நாமக்கல்லில் லாரி தொழில் எவ்வளவு பெரியதோ, அதையொட்டிய டயர் ரீட்ரெடிங் தொழிலும் அவ்வளவு பெரியது. 40 வருடம் அந்தத் தொழிலில் இருந்தவர் அவர். தேய்ந்து மொட்டையான லாரி டயரைத் தடவிப் பார்த்தே, இந்த வண்டிக்கு அலைன்மென்ட் போயிருக்கிறது, இதில் காற்று குறைத்து ஓட்டியிருக்கிறார்கள் என்று சொல்லிவிடுவார். தோள்பட்டை வலி வந்ததும் பட்டறையை விட்டுவிட்டார். அதன் பிறகு டயர் பற்றி அவரிடம் யாரும் எதுவும் கேட்டதில்லை.

"இப்ப என்ன சைஸ் ஓடுது?"

"185/55ஆர்16ங்க."

"16 இன்ச் ரிம்மா. சரி, 205/50 போடு. உசரம் மாறாது, அகலம் கெடைக்கும். அகலமா இருந்தாத்தான் கண்ணு ரோட்டைக் கவ்விப் புடிக்கும்."

அவர் மனக்கணக்காகச் சொன்னது சரிதான். முதல் எண் டயரின் அகலம், மி.மீ. கணக்கில். அடுத்த எண், அந்த அகலத்தில் எத்தனை சதவிகிதம் டயரின் பக்கச் சுவர் உயரம் என்பது. கடைசி எண், ரிம்மின் விட்டம், இன்ச் கணக்கில். 185-ல் 55 சதவிகிதம் என்றால் சுமார் 102 மி.மீ. மேலே ஒன்று, கீழே ஒன்று என இரண்டு பக்கச் சுவர். அதோடு 16 இன்ச் ரிம்மின் 406 மி.மீட்டரைக் கூட்டினால் டயரின் மொத்த உயரம் 610. அப்பா சொன்ன 205/50-க்கும் இதே கணக்கைப் போட்டால் 611 வருகிறது. உயரம் ஏறக்குறைய மாறாமல் இருந்தால்தான் ஸ்பீடாமீட்டர் சரியாகக் காட்டும், டயரும் உள்பக்கம் எங்கும் உரசாது.

சிக்கல் என்னவென்றால், அவள் அதற்குள் நிறையப் படித்திருந்தாள். பனிக்கு அகலம் ஆகாது, ஒல்லி டயர்தான் நல்லது என்று அந்த ஊர்க்காரர்கள் சொல்கிறார்கள். அப்பா சொன்னதற்கு நேர் எதிர்!

சின்ன வயதிலிருந்து டயர் விஷயத்தில் அப்பா பேச்சுக்கு அந்த வீட்டில் மறுபேச்சு கிடையாது. "சரிங்கப்பா" என்று சொல்லிவிட்டு, இங்கே வேறு ஒன்றை வாங்கிப் போட்டால் அவருக்குத் தெரியவா போகிறது? கணவர் அதைத்தான் சொன்னார். அவளுக்கு மனசு வரவில்லை. மறுநாள் மறுபடியும் கூப்பிட்டாள்.

"அப்பா, இங்க எல்லாரும் ஒல்லி டயர்தான் போடச் சொல்றாங்கங்க."

டம்ளரைக் கீழே வைத்தார். கோபமா, யோசனையா என்று திரையில் தெரியவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத்தான் அந்தக் கேள்வி வந்தது.

"நான் பனியப் பாத்ததில்ல. நீ சொல்லு. அது சேறு மாதிரியா, மணல் மாதிரியா?"

அவள் யோசித்தாள். புதுப் பனி மணல் மாதிரி பொலபொலவென்று இருக்கும். உப்புப் போட்டு வண்டிகள் ஓடிய பிறகு சேறு மாதிரி குழகுழவென்று ஆகிவிடும். "ரெண்டும்தாங்கப்பா. ஆனா அதுக்கு அடியில தார் ரோடு இருக்குதுங்க."

"அடியில கெட்டித் தரை இருக்குதா?" அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். "அப்ப நீ சொல்றதுதான் சரி. நாத்து நடற மெஷின் பாத்திருக்கறயா? சக்கரம் எப்படி இருக்கும்? ஒல்லியா, உசரமா. சேத்தைக் கிழிச்சுட்டுப் போயி அடியில இருக்கற கெட்டி மண்ணை மிதிக்கோணும், அதுக்குத்தான். மணலுக்கு அடியே கெடையாது. அங்கதான் அகலம் வேணும், மேலயே மிதந்து போறதுக்கு. உங்க பனி வயக்காடு மாதிரி கண்ணு."

அவள் படித்த விளக்கங்கள் எதிலும் இத்தனை தெளிவு இல்லை. அகல டயர் பனியின் மேல் ஏறி மிதக்கப் பார்க்கும். முன்னால் இருக்கும் பனியைத் தள்ளிக்கொண்டு போகவும் அதற்கு அதிக பலம் செலவாகும். ஒல்லி டயரில் அதே எடை சின்ன இடத்தில் அழுத்துவதால், பனியை வெட்டிக்கொண்டு கீழே இறங்கும். ஒன்று சொல்லவேண்டும்: வெறும் ஐஸ் மேல் இந்தக் கணக்கு அப்படியே செல்லாது. அங்கே ஒல்லியோ, அகலமோ, பெரிய வித்தியாசம் இல்லை. காப்பாற்றுவது மெத்தென்ற ரப்பரும், டயரின் பட்டன்களில் இருக்கும் மெல்லிய கீறல்களும்தான்.

அந்தக் கீறல்களைப் பிறகு வீடியோவில் பார்த்தபோது அப்பா பதறிவிட்டார். "யாரு கண்ணு புது டயரை இப்படி பிளேடால கிழிச்சது?" அவர் பட்டறையில் வெட்டு என்றால் பழுது. இங்கே கம்பெனியே நூற்றுக்கணக்கான வெட்டுகளைப் போட்டு அனுப்புகிறது. ஒவ்வொரு வெட்டின் விளிம்பும் பனியைப் பிடிக்கும் ஒரு நகம் மாதிரி. விளக்கியதும் சமாதானம் ஆனார். முழுதாக ஆனாரா என்பது சந்தேகம்தான்.

ஒல்லி என்று முடிவாயிற்று. எவ்வளவு ஒல்லி?

டிரைவர் கதவைத் திறந்தால் ஓரத்தில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். அதில் 185/55ஆர்16 என்றுதான் போட்டிருந்தது. ஆனால் இதே மாடலின் விலை குறைந்த வேரியன்ட், கம்பெனியிலிருந்தே 15 இன்ச் ரிம்மில், 185/60ஆர்15 டயரோடு வந்தது. ஆக, 15 இன்ச் ரிம் இந்தக் காரின் பிரேக்கை இடிக்காமல் உட்காரும் என்பது உறுதி. சைஸ் இறக்கும்போது முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். ரிம்மைச் சின்னதாக்கிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் பிரேக் காலிப்பர் ரிம்மின் உட்புறத்தில் இடிக்கும்.

ரிம் ஒரு இன்ச் குறைந்தால் டயரின் பக்கச் சுவர் உயரும். மான்ட்ரியலில் அதுவும் தேவை. பனி உருகி உறைந்து, உருகி உறைந்து, வசந்த காலத்தில் ரோடெல்லாம் குழியாக இருக்கும். பக்கச் சுவர் குட்டையாக இருந்தால் குழியில் விழும் அடி நேரே ரிம்முக்குப் போய்விடும். விலையிலும் 15 இன்ச் டயர்தான் மலிவு.

185/60ஆர்15-ன் உயரம் 603 மி.மீ. பழையதைவிட 1 சதவிகிதம் குறைவு. ஸ்பீடாமீட்டர் 100 காட்டும்போது வண்டி 99-ல் போகும். அதில் ஆபத்து இல்லை. இன்னொன்று 175/65ஆர்15. கணக்குப் போட்டால் 608.5 வருகிறது, பழைய 610-க்கு மிக அருகில். இன்னும் 10 மி.மீ. ஒல்லி. பக்கச் சுவர் 114 மி.மீ. ஆனால் காரின் ஸ்டிக்கரில் இல்லாத சைஸ் என்பதால் அவளுக்குத் தயக்கம்.

மறுநாள் காலை அப்பாவிடமிருந்து ஒரு போட்டோ வந்தது. எதிர் வீட்டு ஜாஸின் முன் சக்கரம். தெருவில் குத்தவைத்து, டயரில் எழுத்து தெரியும்படி எடுத்திருந்தார். 175/65ஆர்15.

"உன்ற கார்தானே இது? இங்க இதுதான் போட்டிருக்கறான்" என்று குரல் செய்தி. அவளும் தேடிப் பார்த்தாள். கனடாவிலேயே இதற்கு முந்தைய தலைமுறை ஃபிட்டில் அந்த சைஸ் வந்திருக்கிறது. அதனால் விண்டர் டயரும் அந்த சைஸில் தாராளமாகக் கிடைத்தது. தாங்கும் எடையையும் பார்த்துக்கொண்டாள். பழைய டயரில் எண் 83, ஒரு டயர் 487 கிலோ தாங்கும். புதியதில் 84, 500 கிலோ. இந்த எண் பழையதைவிடக் குறையக் கூடாது. வேகக் குறியீடு ஹெச்சிலிருந்து டி-க்கு இறங்கியது. டி என்றால் மணிக்கு 190 கி.மீ. நெடுஞ்சாலையிலேயே 100-தான் எல்லை, போதாதா?

அடுத்தது ரிம். இருக்கிற ரிம்மிலேயே வருடத்துக்கு இரண்டு முறை டயரைக் கழற்றி மாட்டலாம். ஒவ்வொரு முறையும் கூலி உண்டு, கழற்றி மாட்டும்போது டயரின் ஓரமும் அடிபடும். விண்டர் டயருக்குத் தனியாக நாலு ஸ்டீல் ரிம் வாங்கிவிட்டால், நட்டைக் கழற்றிச் சக்கரத்தை அப்படியே மாற்றிவிடலாம். ஸ்டீல் ரிம் பார்க்க அழகில்லைதான். ரோட்டு உப்பில் துருவும் பிடிக்கும். ஆனால் விலை குறைவு, குழியில் விழுந்தால் உடையாது, நெளியும்.

கணவர் ஒரு நல்ல செய்தியோடு வந்தார். பழைய ஸ்டீல் ரிம் நாலு, 15 இன்ச், மொத்தம் 100 டாலர். ஒரு சின்ன டொயோட்டாவிலிருந்து கழற்றியது. "நாலு போல்ட், 100 மி.மீ. வட்டம். ஃபிட்டுக்கும் அதே 4x100தான். செக் பண்ணிட்டேன்." கிளம்பவே கிளம்பிவிட்டார். கிடைத்தால் 200 டாலருக்கு மேல் மிச்சம், அது அப்பாவின் டிக்கெட் பணத்துக்குத் திரும்பும்.

அவள் அப்பாவிடம் சொன்னபோது அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "நடு ஓட்டை எத்தனை மி.மீ.?"

யாரும் அதைப் பார்க்கவில்லை. ரிம்மின் நடுவில் இருக்கும் அந்த வட்ட ஓட்டை, வண்டியின் ஹப் மீது சரியாக உட்கார வேண்டும். பார்த்தார்கள். அந்த டொயோட்டாவுக்கு 54.1. ஹோண்டா ஹப் 56.1.

"2 மி.மீ.தானே மாமா?" என்றார் மாப்பிள்ளை.

"2 மி.மீ. பெருசா இருந்தா வளையம் போட்டுச் சரிக்கட்டலாங்க மாப்ள. சின்னதா இருந்தா ரிம் உள்ளயே போகாதுங்க. தட்டி ஏத்தலாம்னு எவனாச்சும் சொல்லுவான், கேட்டுறாதீங்க. பனியில அந்தச் சக்கரத்தை நம்பிப் புள்ள உக்காரோணும்."

100 டாலர் ரிம் கைவிட்டுப் போனது. புது ரிம்முக்குத்தான் ஆர்டர் போட்டார்கள். 15 இன்ச், 4x100, நடு ஓட்டை 56.1. ஆஃப்செட் எனப்படும் அளவையும், அதாவது ரிம் எவ்வளவு உள்ளே, எவ்வளவு வெளியே நிற்கும் என்பதையும், பழைய ரிம்மோடு ஒப்பிட்டுக்கொண்டார்கள். டயரும் ரிம்மும் பொருத்தும் கூலியும் சேர்த்து 950 டாலருக்குக் கொஞ்சம் மேல்.

"நம்ம காசுல எவ்வளவு?" என்றார் அப்பா. கிட்டத்தட்ட 60 ஆயிரம் ரூபாய் என்றாள்.

அப்பா கொஞ்சம் பேசாமல் இருந்தார். "எனக்கு டிக்கெட் போட வெச்சிருந்த காசா?"

அவள் பதில் சொல்லவில்லை. யார் சொன்னார்கள் என்றும் தெரியவில்லை. பேத்தியாகத்தான் இருக்க வேண்டும்.

"முன்னால ரெண்டு மட்டும் வாங்கிப் போட்டு மிச்சம் புடிக்கலாம்னு நெனைச்சிராத" என்றார் அவர். "முன் சக்கரம் புடிச்சு, பின் சக்கரம் புடிக்காட்டி வண்டி சுத்திரும். நாலும் போடு. நான் அடுத்த வருசம் வாறேன்."

டிசம்பருக்கு முந்தைய வாரத்தில் மான்ட்ரியலில் டயர் கடையில் இடம் கிடைப்பது, தீபாவளிக்கு முந்தைய இரவு கோயம்பேட்டில் சீட் கிடைப்பது மாதிரி. ஒருவழியாக ஒரு சனிக்கிழமை கிடைத்தது. நாமக்கல்லில் அப்போது இரவு 8 மணி தாண்டியிருந்தது. அப்பா சாப்பிட்டு முடித்து வீடியோவில் காத்திருந்தார். முதலில் டயர் தயாரான தேதியைக் காட்டச் சொன்னார். பக்கவாட்டில் 'டாட்' எழுத்துகளை அடுத்து வரும் வரிசையில் கடைசி நான்கு எண்கள் அது. முதல் இரண்டு எத்தனையாவது வாரம், அடுத்த இரண்டு எந்த வருடம். அந்த வருடத்து டயர்தான். தலையாட்டினார்.

கடைக்கார மெக்கானிக் பழைய நட்டுகளை ஒரு டப்பாவில் போட்டு ஓரமாக வைத்துவிட்டு, புதுப் பாக்கெட் ஒன்றைப் பிரித்தார். நட்டுக்கும் தனிக் காசா என்று அவளுக்கு எரிச்சல். மெக்கானிக் பிரெஞ்சில் ஏதோ சொல்லி, இரண்டு நட்டையும் கையில் எடுத்துக் காட்டினார். கேமராவில் பார்த்துக்கொண்டிருந்த அப்பாவுக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. "கிட்டக் காட்டச் சொல்லு... ஆமா, அவரு சொல்றது சரி! பழசு அடியில உருண்டை, கோலிக்குண்டு மாதிரி. புது ரிம்முல குழி புனல் மாதிரி இருக்குது பாரு. உருண்டை புனல்ல முழுசா உக்காராது. ஓட ஓட நட்டு லூஸாயிரும்."

ஹோண்டா தன் சொந்த ரிம்முக்கு உருண்டை அடி நட்டுதான் தருகிறது. வெளியில் வாங்கும் ரிம்முக்குப் பெரும்பாலும் கூம்பு நட்டு. டயர் சைஸை ஒரு வாரம் ஆராய்ந்தவள், இதை எங்கேயும் கவனிக்கவில்லை. மெக்கானிக் டார்க் ரெஞ்ச்சை 108 நியூட்டன் மீட்டரில் வைத்து, நட்சத்திரம் போடுவதுபோல் எதிரெதிராக முறுக்கினார். திரையில் அப்பாவைப் பார்த்துக் கட்டை விரலை உயர்த்தினார். அப்பா கும்பிட்டார்.

"100 கிலோமீட்டர் ஓடினதும் மறுபடியும் ஒருதடவை முறுக்கிப் பாத்தரோணும்" என்றவர், அடுத்த நான்கு நாளும் கேட்டார்: "எத்தனை கிலோமீட்டர் ஆச்சு?" ஐந்தாவது நாள், பார்க்கிங்கில் உறைந்த விரல்களோடு அவள் ரெஞ்ச்சைப் பிடித்து முறுக்கி, அந்த 'டக்' சத்தத்தை போனில் கேட்க வைத்த பிறகுதான் விட்டார். காற்று விஷயத்திலும் விடவில்லை. 10 டிகிரி குளிர் கூடினால் ஏறக்குறைய 2 பி.எஸ்.ஐ. காற்றழுத்தம் குறைந்துவிடும் என்று அவள் சொல்லப்போக, மைனஸ் 20 என்று வானிலைச் செய்தி பார்த்த நாளெல்லாம் போன்.

டிசம்பர் இரண்டாவது வாரம் முதல் பெரிய பனி. கணுக்கால் அளவு. அதே நாற்சந்தி, அதே சிவப்புப் பலகை. அவள் பழைய இடத்துக்கு வெகு முன்பாகவே பிரேக்கை மெதுவாக மிதித்தாள். சக்கரத்துக்கடியில் பனி நறநறவென்று நொறுங்கும் சத்தம். கார் நின்றது. பலகைக்குப் பின்னால், சரியாக.

பின் சீட்டில் மகள் ஜன்னலில் விரலால் எதையோ வரைந்துகொண்டிருந்தாள். இந்த முறை எதுவும் கேட்கவில்லை.

ஏப்ரலில் சக்கரங்களைக் கழற்றும் நாள் வந்தது. முன் சக்கர வண்டியில் முன் டயர்தான் அதிகம் தேயும், அடுத்த குளிருக்கு முன்னது பின்னால் போக வேண்டும், அதனால் எது எங்கே ஓடியது என்று சாக்பீஸால் எழுதி வை என்றார் அப்பா. எழுதும் வேலை பேத்திக்குப் போனது. தமிழ் எழுத்து இப்போதுதான் வாரக் கடைசியில் படிக்கிறாள். மு.இ., மு.வ., பி.இ. என்று மூன்றை முடித்துவிட்டு, நான்காவதில் நின்றாள்.

"தாத்தா, 'வ' எப்படிப் போடணும்? மறந்துடுச்சு."

"முன்ன ஒண்ணு போட்டயே சாமி, அதைப் பாரு" என்றார் தாத்தா நாமக்கல் திண்ணையிலிருந்து. அவள் எழுந்து போய், மு.வ. என்று எழுதிய சக்கரத்தைப் பார்த்துவிட்டு வந்து, நாக்கைக் கடித்துக்கொண்டு எழுதி முடித்தாள். பி.வ.